பெருவிரலில் ஒரு கப்பல்

வவுனியாவில் பச்சை குத்தும் கடையொன்றில் எனக்கு முன்னால் வரிசையில் ஒருவர் இருந்தார். முல்லைத்தீவில் கடலுக்குப் போகிறவர், கழுத்தில் செபமாலை. நாடு நாடாய்த் திரியும் ஆசையைக் காட்ட ஒரு படம் வேண்டுமாம். விமானம், திசைகாட்டி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஒரு கண்ணை மூடி, கையை நீட்டிப் பெருவிரலை உயர்த்தினார். கடலில் தூரத்தை அப்படித்தான் அளப்பாராம்.

"நகத்துக்குக் கீழ ஒரு கப்பல். அரிசியளவு இருந்தால் காணும்."

"பெருசாய்க் குத்துவம் அண்ணை, வடிவாயிருக்கும்" என்றான் கடைக்காரன்.

"என்ர வள்ளத்தில இருந்து பாக்க இவ்வளவுதான் தம்பி தெரியிறது. ஒருநாள் அதில ஏறினால் வாறன், பெருசாக்குவம்."

தோள் நிறைய உலகப்படம் குத்த வந்த நான் குத்தாமலே எழுந்து வந்துவிட்டேன்.

இப்போதும் கடற்கரையில் என் வெறும் பெருவிரலை நீட்டிப் பார்க்கிறேன். தூரத்துக் கப்பல் அதன் பின்னே மறைந்துபோகிறது. அவர் விரலில் மட்டும் அது மறையாது.