தொண்ணூறு நாள் விலை

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்கு அத்தான், மற்றவர்களுக்கு எஸ்டிமேட். கட்டிட கான்ட்ராக்டர் ஒருவரின் ஆபீசில் முப்பத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. வீடோ கடையோ கட்ட வேண்டும் என்று யாராவது வந்தால், எத்தனை மூட்டை சிமென்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு நாலு பக்கத்துக்கு டைப் அடித்துக் கொடுப்பார். அந்தப் புத்தி அவரை எங்கேயும் விடாது. என் கல்யாணத்தில் என்னை வாழ்த்துவதற்கு முன்பே மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்து, "இந்த பீமுக்கு இவ்ளோ கனம் தேவையே இல்ல. எவனோ நல்லா சம்பாதிச்சிருக்கான்" என்றார்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் மூன்று மணி வரைக்கும் வெட்டிதான். அந்த வெட்டி நேரத்தைப் பார்த்துத்தான் அத்தானின் பல் வைத்தியம் என் தலையில் விழுந்தது.

அவருடைய மேல்வரிசைப் பற்கள் ஈறு நோயால் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கீழ்வரிசைக்கு ஒரு குறையும் இல்லை, அவருடைய பிடிவாதம் மாதிரி அசையாமல் நின்றது. மேலே மிஞ்சியது ஐந்து. அந்த ஐந்தில் கொக்கி மாட்டி, கழற்றி மாட்டுகிற பல் செட் ஒன்று போட்டிருந்தார். ஒருநாள் சைட்டில் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் கொட்டும்போது யாரோ தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிவிட்டார்கள். அத்தான் "நிறுத்துடா!" என்று அடித்தொண்டையில் கத்தினார். சத்தம் வெளியே வந்தது, கூடவே செட்டும் வந்தது. ஈரக் கான்கிரீட்டில் விழுந்ததை மண்வெட்டிக்காரர் பார்க்கவில்லை, ஒரே தள்ளாகத் தள்ளி மூடிவிட்டார். இன்றைக்கும் அது ஒரு மருந்துக் கடையின் மேல்மாடித் தரைக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நான் மரியாதைக்கு ஒரு ஹார்ன் அடிப்பேன். அத்தான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

இதுவரைக்கும் சிரித்தாயிற்று. அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது எனக்குச் சிரிப்பாக இல்லை.

அக்கா வீட்டிலிருந்தபடி ஜன்னல் திரைகள் தைக்கிறாள். காலையிலிருந்து மெஷினும் துணியும்தான் துணை. அத்தானின் ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி இருப்பதால் மதியம் ஒன்றேகாலுக்கு டாண் என்று வந்துவிடுவார். சமையலறைக்கு வெளியே உள்ள சின்ன மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். திரை அளவைத் தப்பாகக் கொடுத்துவிட்டுச் சண்டைக்கு வந்தவர்களைப் பற்றி அவள் சொல்வாள், கான்ட்ராக்டர் அன்றைக்கு அவிழ்த்துவிட்ட புளுகுகளை அவர் சொல்வார். முப்பது வருடம் இப்படியே ஓடியது. அக்காவுக்கு ஒரு நாளில் வாய்விட்டுப் பேச அந்த முக்கால் மணி நேரம்தான்.

செட் போன மறுநாள் அத்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாதத்தையும் காயையும் கூழாக மசித்து, நின்றபடியே விழுங்கினார்.

"நான் வாயைக் குதப்புறதைப் பாத்தா உனக்கே சாப்பாடு இறங்காதும்மா. பல்லு வெச்சதும் வந்து உக்கார்றேன்" என்பது அவர் பேச்சு.

"நான் பாக்க மாட்டேன்னு சொன்னேனா?" என்பது அவள் பேச்சு.

கதவு திறக்கவில்லை. ஒருநாள் அக்கா என்னிடம், "டேய், கதவுக்கு அந்தப் பக்கம் ஸ்பூன் சத்தம் கேக்குது. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ சாப்பிடற மாதிரி இருக்குடா" என்றாள். சொல்லிவிட்டு மெஷினை வேகமாக ஓட்டினாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. அத்தானை அந்த மேஜைக்குத் திரும்பக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

முதல் கிளினிக்கில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர், அலட்டல் இல்லாதவர். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு விளக்கினார். மிச்சம் இருக்கிற ஐந்தையும் எடுத்துவிட்டு, மேல்தாடை எலும்பில் நாலு டைட்டானியம் ஸ்க்ரூ இறக்குவார்கள். முன்னால் இரண்டு நேராக, பின்னால் இரண்டு சாய்வாக. அதன்மேல் முழு வரிசையையும் ஒரே துண்டாக முடுக்கிவிடுவார்கள். முதலில் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் வரிசை. சில மாதம் கழித்து, எலும்பு ஸ்க்ரூவை நன்றாகப் பிடித்துக்கொண்டதும் கெட்டியான நிரந்தர வரிசை.

அத்தானுக்கு வாயெல்லாம் சிரிப்பு, கையால் மூடிக்கொண்டார். "மண்ணுக்குள்ள இறக்கற தூண் மாதிரி நாலு பைல், மேல ஒரு பீம். நம்ம வேலைதான் மச்சான்!" என்றார் என்னிடம். பிறகு டாக்டரைப் பார்த்து, "மண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

டாக்டர் புரிந்துகொண்டு சிரித்தார். "எலும்பு இப்போதைக்குப் போதும் சார். ரொம்பத் தள்ளிப் போடாதீங்க."

செலவுத் தாளைக் கையில் வாங்கியதும் அத்தான் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் வேன் வாங்கிய விலையைவிடக் கூடுதல். அத்தான் அசரவே இல்லை. அடியில் சின்ன எழுத்தில், 'இந்த மதிப்பீடு தொண்ணூறு நாட்களுக்கு மட்டுமே செல்லும்' என்று இருந்த வரியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார்.

படியிறங்கும்போது, "இந்த வரியை நான் என் சர்வீஸ்ல ஆயிரக்கணக்குல டைப் அடிச்சிருக்கேன் மச்சான். எதுக்குத் தெரியுமா? ஆளை அவசரப்படுத்த. அவன் ஒரு வருஷம் கழிச்சு வந்தாலும் அஞ்சு பத்து முன்ன பின்ன பேசி அதே விலைக்குக் கட்டிக் குடுத்துடுவோம்" என்றார்.

"அந்தம்மா வாயாலயும் சொன்னாங்களே அத்தான்?"

"நாங்களும் வாயால சொல்லுவோம்."

அவருடைய ஆபீசில் ஒரு சட்டம் உண்டு. மூன்று கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு வாளிகூட வாங்கக் கூடாது. அத்தான் தன் வாய்க்கு ஏழு வாங்கினார். ஏழு கிளினிக்குக்கும் வேன் போனது. டீசலுக்கு ஒரு பைசா தரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு இடத்தில் மீன் தொட்டியும் தோல் சோபாவும் இருந்தன. "இந்த சோபாவும் நம்ம பில்லுலதான் வரும்" என்று காதோரம் சொல்லிவிட்டு, உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். இன்னொரு இடத்தில் பாதி விலை சொன்னார்கள். நான் பரவசப்பட்டேன். அத்தான் பேனாவை எடுத்தார்.

"நிரந்தர வரிசை இதுல அடக்கமா?"

"அது தனி சார்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"பல்லு எடுக்கறது?"

"தனி."

"ஸ்கேன்? மரத்துப் போற ஊசி? தற்காலிக வரிசை?"

"எல்லாம் தனி சார்."

"அப்போ இதுல என்னதாம்மா இருக்கு?"

"ஸ்க்ரூ சார்."

வெளியே வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "கதவு ஜன்னல் இல்லாத வீட்டுக்கு விலை சொல்றாங்க. நானே எத்தனை பேருக்கு சொல்லியிருக்கேன்!" ஆயுள் கேரண்டி என்று சொன்ன இடத்தில், "யாரோட ஆயுசு, கிளினிக்கோடதா என்னோடதா?" என்று கேட்டார். அங்கே இரண்டாவது தடவை எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டார். எத்தனை ஸ்க்ரூ, யார் தயாரிப்பு, வரிசை என்ன பொருள், உடைந்தால் யார் பொறுப்பு, வருடா வருடம் சுத்தம் செய்ய எவ்வளவு என்று ஒன்று விடவில்லை. எல்லாவற்றையும் சமமாக நிரப்பிப் பார்த்தால், பாதி விலைக்காரர்கள் கடைசியில் இரண்டாவது அதிக விலைக்காரர்களாக வந்து நின்றார்கள். மனுஷன் கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் தாளை அக்காவின் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

"வாயில தொங்க வேண்டியதை சுவத்துல தொங்க விட்டிருக்காரு" என்றாள் அக்கா.

மாதங்கள் ஓடின. விலை கேட்டுக் கடிதம் எழுதுவார், பதில் வந்ததும் கட்டத்தைத் திருத்துவார். நடுவில் ஐந்து பல்லில் ஒன்று தானாகவே விழுந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது, குளியலறையில் பல் தேய்க்கும்போது போனது. ஒவ்வொரு தடவையும் அத்தான் கவலைப்படுவதற்குப் பதிலாகத் தாளில் ஒரு தொகையை அடித்துவிட்டு, "புடுங்கற செலவு மிச்சம்" என்றார். மதியம் ஒன்றேகாலுக்கு வழக்கம்போல் சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது.

பதினோராவது மாதம் முடிவுக்கு வந்தார். முதல் டாக்டர்தான் சரி. அன்றைக்கு வேனில் ஏறும்போது இஸ்திரி போட்ட சட்டை, கையில் அந்தத் தாள், பையில் கையெழுத்துப் போட புதுப் பேனா. விழுந்துபோன மூன்று பல்லைப் பிடுங்கும் செலவை எப்படிக் கழிக்கச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார்.

டாக்டர் அந்தத் தாளைப் பொறுமையாகப் படித்தார், பாராட்டினார். ஆனால் புதிதாக ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். எடுத்துவிட்டுப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியாது, எனக்கே தெரிந்தது. பழைய படத்தில் தடியாக இருந்த எலும்பு புதிய படத்தில் இரண்டு பக்கமும் தேய்ந்து, பட்டையாக நின்றது.

"ஈறு நோய் எலும்பை அரிச்சுக்கிட்டே இருக்கும் சார். பல்லு விழுந்த இடத்துல இன்னும் வேகமா கரையும். இப்போ இருக்கறதுல ஸ்க்ரூ நிக்காது. முதல்ல எலும்பு வெச்சு நிரப்பணும். அது இறுக ஆறு மாசம் ஆகும். அப்புறம்தான் மத்தது" என்றார். புதிய தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பழையதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல்.

"தொண்ணூறு நாள்னு போட்டிருந்தீங்க" என்றார் அத்தான்.

"ஆமா சார். அது விலைக்குப் போட்டது இல்ல. எலும்புக்குப் போட்டது."

அத்தான் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். பேரம் பேசவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் அவர் பேரம் பேசாமல் ஒரு இடத்தைவிட்டு எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். திரும்பி வரும்போது மருந்துக் கடையைத் தாண்டினோம்.

"ஹார்ன் அடிக்கலியா மச்சான்?"

"மனசு வரல அத்தான்."

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி ஒன்றேகால். மேஜையில் ஒரே ஒரு தட்டு. அத்தானின் நாற்காலியில் தைத்து முடித்த திரைகள் மடித்து அடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவு நாளாக அது காலியாகக் கிடந்ததால் துணி வைக்கத் தோதாகிவிட்டது. அத்தான் பழைய தாளையும் புதிய தாளையும் அவள் முன்னால் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுக் குடுத்தேன். என் வாய்க்குத் தப்பா போட்டுட்டேம்மா" என்றபோது கண் கலங்கிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கா தாளில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். மொத்தத் தொகையில் வந்து நிறுத்தினாள்.

"கணக்கு இன்னும் தப்பாத்தான் இருக்கு."

"எங்க?" என்று அத்தான் பதறிக்கொண்டு குனிந்தார்.

"பதினோரு மாசம் நான் தனியா உக்காந்து சாப்பிட்டிருக்கேன். அது எந்த வரியில வருது?"

அவர் நிஜமாகவே தாளில் தேடினார், பழக்க தோஷம். பாதியில் விரல் நின்றுவிட்டது.

"இன்னும் ஆறு மாசத்துக்கு மேல ஆகும்னு சொல்றீங்க. அதையும் சேத்து எழுதிக்கோங்க" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப் போய்ச் சொன்னாள்.

அத்தான் சமையலறைக்குள் போனார். போச்சு, கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். பாத்திரம் உருளும் சத்தம், மசிக்கிற சத்தம். பிறகு மசித்த சாதத்தட்டோடு வெளியே வந்தார். நாற்காலியில் இருந்த திரைகளை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்தார். உட்கார்ந்தார்.

முதல் வாய் உள்ளே போனது. மேலுதடு உள்ளே மடிந்து, முகவாய் மூக்கைத் தொடப் போனது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அக்கா கண்ணை எடுக்கவே இல்லை.

"அசிங்கமா இருக்குல்ல?" என்றார் அத்தான்.

"நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன். இதுக்கா கதவை சாத்தினீங்க? முப்பது வருஷமா உங்க குறட்டையைக் கேக்கறேன், அதுக்கு இது எவ்வளவோ தேவல."

அத்தான் சிரித்தார். கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மேலே மிஞ்சியிருந்த இரண்டு பல்லும் நன்றாகத் தெரிந்தன.

"நாளைக்கே போய்க் கையெழுத்துப் போடுங்க. எட்டாவது கொட்டேஷன்னு கிளம்பினீங்கன்னா அந்தத் தாளைக் கிழிச்சு அடுப்புல போட்டுடுவேன்" என்றாள். பிறகு குழம்புப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மேஜைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். "திரை தைக்கக் குடுக்கற அந்த மூணாவது மாடிக்காரி இருக்காளே, நீங்க உள்ள போய் சாப்பிட ஆரம்பிச்ச அன்னிக்கு என்ன பண்ணினா தெரியுமா..."

அத்தான் விழுங்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் பிள்ளைகளை ஏற்ற வேனை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது மணி இரண்டரை. பதினோரு மாதக் கதையில் அக்கா மூன்றாவது மாதத்துக்குத்தான் வந்திருந்தாள்.