பள்ளத்தில் நிற்கும் மதில்

அண்ணே, நீ இருந்த அந்தப் பெரிய கட்டடத்தை நான் பார்த்துவிட்டேன். தலையில் சுண்ணாம்புச் சட்டியோடு, சித்தாளாக உள்ளே போனேன்.

நான் நாலாவதுதான் படித்தேன். தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் கொத்தனார், அப்பாவும் கொத்தனார். அண்ணனுக்கு மனசு கலங்கியதும், செம்பூர் தாண்டி டிராம்பே போகும் வழியில் கடலோரம் இருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அப்பா சேர்த்தார். நாங்கள் குடியிருந்த தாராவியில் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் பேசியிருந்ததால், அவன் கொச்சியில் கப்பல் வேலைக்குப் போனதாகச் சொல்லிவிட்டோம்.

ஆறு மாதம் கழித்து, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பா உள்ளே போகாமல், வாசல் கேட்டுக்குப் பக்கத்து அறையில் அவனிடம் பேசிப் பார்த்தார்.

"இங்க மதிலே கெடையாதுப்பா. புல்லுல நின்னா கடல் தெரியுது" என்றானாம்.

ரோட்டிலிருந்து அப்பா பார்த்தது இரண்டு ஆள் உயரக் கருங்கல் மதில். இன்னும் தெளியவில்லை என்று விட்டுவிட்டு வந்தார். கல்யாணம் முடியட்டும் என்று நானும் பேசாமல் இருந்தேன். அந்த மழைக்காலத்தில் ஜுரம் வந்து அவன் அங்கேயே போய்விட்டான். அப்பா மட்டும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார். அதையும் வெளியில் சொல்லவில்லை.

பிறகு, என் கல்யாணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே, ஆஸ்பத்திரியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். காலிக் கட்டடத்தைக் குடோன் ஆக்க, காரை பூசி வெள்ளையடிக்கும் வேலை எங்கள் மேஸ்திரிக்குக் கிடைத்தது. எங்களுக்கு அது என்ன இடம் என்று அவருக்குத் தெரியாது. "வெளிய நின்னா கூலி, உள்ள பைத்தியமாப் படுத்தா சோறு. எது வேணும்ல?" என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்பா காரைக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே போனதும் சட்டியை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தேன். அவ்வளவு உயரமான கூரையை மாதா கோயிலில்தான் பார்த்திருக்கிறேன். வளைவு வளைவாக நீண்ட வராந்தா, ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர், உச்சியில் காற்றுக்கு வட்ட ஓட்டை. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே குடத்துத் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி. முதலில் புத்தி பேதலித்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கட்டியதாம், கல்லெல்லாம் படகில் வந்ததாம். காவலுக்கு இருந்த மராட்டிக்காரப் பெரியவர் இந்தியில் சொன்னார். நோயாளி இருக்கிற இடம் இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வராந்தாவைத் தாண்டிப் புல்தரை. அதில் கால் வைத்தேன். கடல் தெரிந்தது. உப்பளம், ஒரு பாய்மரப் படகு, தூரத்து மலை எல்லாம் தெரிந்தது. மதில் இல்லை.

அப்பா புல்லில் நேராக நடந்துபோய் சட்டென்று நின்றார். நானும் ஓடினேன். காலடியில் ஆழமான பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் மதில் நின்றது. அதன் தலை எங்கள் பாதத்துக்குச் சமமாக இருந்தது. ரோடு தாழ்வு என்பதால் வெளியிலிருந்து அவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்கிறது. உள்ளே இருக்கிறவர்கள் கண்ணில் மதில் படாமல், அவர்களால் அதைத் தாண்டவும் முடியாமல், எவனோ மனசு வைத்துக் கட்டியிருக்கிறான்.

அப்பா இந்தப் பக்கத்துச் சரிவு வழியாகப் பள்ளத்தில் இறங்கி, கல்லின் இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருஷமாக மதில் கட்டுகிறவர் அவர்.

"சரியாத்தான் சொல்லிருக்கான் ஏட்டி. எம் மவன் சரியாத்தான் சொல்லிருக்கான்" என்றார். பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு நான் வேலை பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சீட்டில் அண்ணன் பேரை எழுதினேன். செத்தவர்களுக்காக மாதா கோயில் பூசையில் வாசிக்கச் சாமியாரிடம் கொடுக்கிற சீட்டு அது. எந்த இடத்தில் இறந்தான் என்பதையும் எழுதினேன்.

"மாப்பிள வீட்டுல கேப்பாவளே" என்றார் அப்பா.

"கேக்கட்டும்பா. நான் சொல்லுதேன்."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். கிழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லிவிட்டோம், அங்கிருந்து இதுவரை ஒரு பதிலும் வரவில்லை.

என் அண்ணன் கப்பலுக்குப் போகவில்லை. அவன் தெளிந்த பிறகும் நாங்கள்தான் அவனை அங்கேயே விட்டுவிட்டோம். இதைப் படிக்கிற நீங்கள் கோயிலுக்குப் போகிறவர்களோ, பள்ளிவாசலுக்குப் போகிறவர்களோ, உங்கள் சாமியிடம் அவனுக்காக ஒரு வார்த்தை கேளுங்கள்.