கொண்டையோடு போன பிள்ளை

கனடாவில, மோர்னிங்சைட்டில் மகள் வீட்டில் இருக்கிறன். போன மாரியில் எங்களோடு ஒரு பிள்ளை வந்து தங்கினாள். மட்டக்களப்புப் பக்கம். அகதியாய்த் தனிய வந்தவள். தனக்குப் பதினேழு எண்டாள். ஆளனுப்புற ஏஜென்சிக்காரன் குடுத்த கள்ளப் பாஸ்போட்டில் இருபத்திரண்டு. முகத்தைப் பார்த்த அதிகாரிமாரும் நம்பேல்லை. பெரியவள் எண்டு முடிவானால் எங்கட வீட்டை விட்டுப் பெரியாக்களின்ர ஷெல்டருக்குப் போகவேணும். பள்ளிக்கூடமும் கிடைக்குமோ எண்டு ஐமிச்சம்.

அவளுக்கு உதவிக்கு அகதி அமைப்பில இருந்து ஒரு பெட்டை வருவாள். இங்க பிறந்தவள். தமிழ் உடைச்சு உடைச்சுத்தான் கதைப்பாள். எந்தப் பனியிலும் தூரத்து விட்பியிலயிருந்து வந்திடுவாள். வந்ததும் "சாப்பிட்டியா?" எண்டுதான் கேட்பாள். வயசுக்குச் சாட்சி சொல்ல, பிள்ளைக்கு ஊரில படிப்பிச்ச ரீச்சரைத் தேடிப் பிடிச்சதும் அவள்தான். "உண்மையா உனக்குப் பதினேழோ?" எண்டு நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள். அவள் ஒருநாளும் கேட்கேல்லை.

வயசு விசாரணைக்குப் போற நாள் காலமை பக்கத்து வீட்டுக்காரி வந்தா.

"அக்கா, உவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு றிபன் கட்டிவிடுங்கோ. உந்தக் கொண்டையோட நாலு பிள்ளை பெத்தவள் மாதிரி நிக்கிறாள்."

எனக்கும் சரியாய்ப் பட்டுது. மடிச்சுக் கட்டிவிட்டன்.

கூட்டிப்போக வந்த விட்பிப் பெட்டை பின்னலைப் பார்த்து வாசலிலேயே நிண்டிட்டாள்.

"எப்பவும் இப்படியா கட்டுவாய்?"

"இல்லக்கா, கொண்டைதான். அம்மா செத்த பிறகு தம்பிமாருக்கு நான்தானே சமைச்ச. முடி அவிழ்ந்தா அடுப்பில பட்டிரும்."

"அப்ப கொண்டையோட போவம். ஏன் எண்டு கேட்டா இதையே சொல்லு."

"வயசு கூடத் தெரியுமே பிள்ளை," எண்டு பக்கத்து வீட்டுக்காரி இழுத்தா.

பெட்டை தன்ர உச்சிக் கொண்டையைத் தட்டிக் காட்டினாள். "எனக்கும் கொண்டைதானே அன்ரி. நான் கிழவியா?"

றிபனை நானே அவிழ்த்தன்.

விசாரணை நடந்த இடத்தில நான் வெளியில கதிரையில் இருந்தன். என்னையும் கதைக்கச் சொல்லுவினமோ எண்டு கதவையே பாத்துக்கொண்டிருந்தன். கனநேரத்தால கதவு திறந்தது. பிள்ளை முன்னுக்கு ஓடிவந்தாள்.

"பதினேழுதானாம் அம்மம்மா! ஏத்துக்கொண்டாங்க."

"ரீச்சர் போனில நல்லாச் சொன்னா. மிச்சமெல்லாம் இவளே சொன்னாள். நான் பக்கத்தில சும்மா இருந்தன்," எண்டாள் பின்னால வந்த பெட்டை. சும்மா இருந்தவளின்ர கண் சிவந்து கிடந்தது.

பையில பசிக்கு ரெண்டு ரோல்ஸ் கொண்டுபோனனான். ரெண்டையும் பெட்டையின்ர கையில வைச்சன். அவள் ஒண்டைப் பிள்ளைக்கு நீட்டினாள்.