கறை ஒட்டாத சுவர்

பீர்க்கன்கரணையில் சித்தியின் வீட்டில், படுக்கையறைக் கதவிலிருந்து குளியலறைக் கதவு வரை, இளம்பச்சைச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே ஒரு பழுப்புக் கோடு ஓடியது. தேங்காயெண்ணெய்யும் கைவியர்வையும் படிந்து உண்டான கோடு. ஃபிரிட்ஜ் நிற்கும் இடத்தில் அறுந்து, அந்தப் பக்கம் மறுபடி தொடரும். சுவிட்ச் போர்டுக்குக் கீழே மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு அடர்ந்திருக்கும். அங்கே சித்தி ஒரு கணம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வார்.

சித்தி கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்தப்பா காலமான பிறகு, மகளோடு அந்த வீட்டில் இருந்தார். மகள் எனக்குத் தங்கை முறை. மறதி முதலில் பெயர்களை எடுத்துக்கொண்டது, பிறகு முகங்களை. என்னைச் சில நாள் தன் அண்ணன் என்றும், சில நாள் கேபிள் டி.வி.க்காரர் என்றும் நினைத்துக்கொள்வார். ஆனால் அந்தக் கோட்டின் மேல் கையை வைத்துவிட்டால் போதும், தானே நடந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே திரும்பி வருவார். யாராவது கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பழைய ஆபரேட்டர் குரலில் பதில் வரும்: "லைன் பிஸி!"

தங்கை ஒருமுறை சொன்னாள்: "என் பேரை மறந்தாக்கூடப் பரவாயில்லண்ணா. இது ஒண்ணு இருக்கட்டும். இதுவும் போச்சுன்னா அம்மா உடைஞ்சு போயிடுவாங்க."

நான் நாள் தவறாமல் டைரி எழுதுகிறவன். எது எந்த வாரத்தில் நடந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். போன டிசம்பரில் சிறுநீர்த் தொற்றால் சித்திக்குக் காய்ச்சல் கண்டு, தாம்பரம் தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் காய்ச்சல் விட்டது. வார்டில் நர்ஸுகள் காகித நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்த காலையில், டியூட்டி டாக்டர் சித்தியின் நாடியைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம் பாட்டி" என்றார். அந்த ‘நாளை’, பொங்கல் கழிந்து, நட்சத்திரம் ஒரு மூலை கிழிந்து தொங்கும்வரை வரவில்லை.

மூளை நரம்பு டாக்டர் பார்த்துச் சொல்லவேண்டும் என்றார்கள். அவர் திங்களும் வியாழனும் மட்டும் வருவார். அந்தத் திங்கள் அவர் ஊரில் இல்லை, வியாழன் கிறிஸ்துமஸ். அவர் ஒருவழியாக வந்து சரி என்றதும், பிசியோதெரபிஸ்ட் விடுப்பில் போயிருந்தார். அதன்பிறகு வீட்டுப் பராமரிப்பு ஏற்பாடு. அதற்கென்று மருத்துவமனையில் ஒரு பெண் இருந்தார். "ஹோம் நர்ஸ் கன்ஃபர்ம் ஆனாத்தான் சார் டிஸ்சார்ஜ் டேட் கொடுக்க முடியும்" என்றார். நர்ஸை அனுப்பும் ஏஜென்சிக்கு போன் செய்தால், "டேட் சொல்லுங்க சார், அப்புறம்தான் ஆள் கன்ஃபர்ம் பண்ண முடியும்" என்றார்கள். பொறுமை போய், என் போனில் ஏஜென்சியையும் தங்கையின் போனில் மருத்துவமனைப் பெண்ணையும் பிடித்து, இரண்டையும் ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேஜையில் எதிரெதிரே வைத்தேன். இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் சொன்னன: "லைன்ல இருங்க சார்." சித்தி கண் விழித்தார். "ரெண்டு பார்ட்டியும் லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்றார். அந்த மருத்துவமனையில் அன்று தன் வேலையைச் சரியாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையே கட்டிலின் இரு பக்கமும் கம்பியை உயர்த்திவிட்டார்கள். மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். விழுந்துவிடக்கூடியவர் என்பதற்கு அடையாளம். நான் கையைப் பிடித்து நடக்கவைக்கிறேன் என்று கேட்டேன். "விழுந்தா யார் சார் பதில் சொல்றது?" என்றார் வார்டு சிஸ்டர். டயப்பர் கட்டினார்கள். சித்தி கம்பியைப் பிடித்து ஆட்டுவார். "பாத்ரூம் போகணும், திறந்து விடுங்க." ஆயா கெட்டவரில்லை, பாசமாகத்தான் சொல்வார்: "எங்க போற இப்ப? அதான் கட்டிக்கீதே, அதுலயே போயிடும்மா." சித்தி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். புத்தாண்டுக்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். "நல்லா செட்டில் ஆயிட்டாங்க சார்" என்றார் சிஸ்டர். எனக்கு வந்த கோபத்தில் கேன்டீன் வரை நடந்துபோய், காபி குடிக்காமல் திரும்பி வந்தேன்.

கடைசியில் ஏஜென்சி ஒரு நர்ஸைத் தர ஒப்புக்கொண்டது. அடுத்தது வீடு. வீடு பாதுகாப்பாக இருக்கிறதா என்று புகைப்படம் கேட்டார்கள். அனுப்பினோம். வழுக்காத தரை வேண்டும், நடைவழியில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும் என்றார்கள். கனடாவிலிருந்து தம்பி, சித்தியின் மகன், வீடியோவில் வந்தான். "எப்படியும் சுவத்துல டிரில் போடணும், அப்படியே பெயிண்ட் அடிச்சிடலாம்ணா. அம்மா வரும்போது ஃப்ரெஷ்ஷா இருக்கும்." எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. கடைக்காரர் இருப்பதிலேயே உயர்ந்த ரகத்தைக் காட்டினார். "காபி, கிரேயான், எண்ணெய்க் கை, எதுவும் ஒட்டாது சார். ஈரத்துணி போட்டா போயிடும்." பெயிண்டர் அந்தப் பழுப்புக் கோட்டை எமரித்தாளால் தேய்த்துக்கொண்டே, "இன்னா சார், இவ்ளோ பிசுக்கு! இத்த இப்டியே வுட்டா புதுப் பெயிண்ட் நிக்காது" என்றார். நாங்கள் மூவரும் தலையாட்டினோம், ஒருவர் கனடாவிலிருந்து. பச்சை போய் வழவழப்பான தந்த வெள்ளை வந்தது. அதைச் சொன்னதும் மருத்துவமனைப் பெண், "பெயிண்ட் வாசனை போகட்டும் சார், வீசிங் வந்தா திரும்ப இங்கதானே வரணும்" என்று மேலும் ஒரு வாரம் தள்ளினார்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒருவழியாக ஆம்புலன்ஸில் அழைத்துவந்தோம். சித்தியைப் படுக்கையறை வாசலில் நிற்கவைத்து, கையை எடுத்துச் சுவரில் வைத்தாள் தங்கை. கை வெள்ளையில் வழுக்கி இறங்கியது. சித்தி சுவரைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிறகு கம்பி கண்ணில் பட்டது. பளபளவென்று, புதிதாக, வார்டுக் கட்டிலின் கம்பியைப் போலவே. அதை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினார். "சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு? என்னை எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

தங்கை சமையலறைக்குள் போய் மிக்ஸியை ஓடவிட்டாள். அதில் அரைக்க ஒன்றும் இல்லை.

யாரைக் கோபித்துக்கொள்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தனித்தனியாகக் கேட்டால் எல்லோரிடமும் நியாயம் இருக்கிறது. டாக்டரும் சிஸ்டரும் ஏஜென்சியும் தம்பியும் ஜாக்கிரதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சித்தி எங்கும் விழவில்லை. அவர் காய்ச்சலோடு போனபோது அவரிடம் மிச்சமிருந்த ஒன்று, காய்ச்சல் இல்லாமல் திரும்பியபோது இல்லை, அவ்வளவுதான். எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அது ஏறவில்லை. உடல்நிலை திருப்திகரம் என்று எழுதியிருந்தது.

இப்போது நான் குரோம்பேட்டையிலிருந்து தினமும் மாலையில் போகிறேன். சித்தியின் உள்ளங்கையில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவி, கையைச் சுவரில் வைத்து, குளியலறை வரை கூடவே நடக்கிறேன். சில நாள் சுவிட்ச் போர்டுக்குக் கீழே தானாக நின்று மூச்சு வாங்குகிறார். அன்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வருகிறது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, நான் வெளியே நின்று தட்டிப் பார்க்கிறேன். உள்ளே துணைக்கிருக்கும் ஹோம் நர்ஸ்தான், "இருங்க சார், ஆச்சு" என்கிறார்.

நேற்று போனபோது சுவர் பளிச்சென்று இருந்தது. "சாயந்தரமானா ஒரே எண்ணெய் சார், காலையில தொடச்சிடறேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெயிண்ட், ஒரு தடவை தேச்சா போதும்" என்றார் நர்ஸ், பெருமையாக. இனித் துடைக்க வேண்டாம் என்று துணியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். சித்தியின் கையில் எண்ணெய் தடவி மறுபடி நடத்தினேன். விரல்கள் போன வழியில் எண்ணெய் ஒரு நிமிடம் மினுங்கியது. பிறகு முத்து முத்தாகத் திரண்டு, பிடிப்பில்லாமல் கீழே வழிந்தது.

மொட்டைமாடிப் படிக்கட்டின் அடியில் காலி பெயிண்ட் டப்பா இன்னும் கிடக்கிறது. கறை ஒட்டாது என்பதற்குப் பத்து வருட உத்தரவாதம் என்று அதன் மேல் போட்டிருக்கிறது.