ஸ்ரீரங்கத்தில் ஒன்பது பைகளுக்குக் காவல்

போன சனிக்கிழமை மதுரையிலிருந்து திருச்சிக்குக் கிளம்பினேன். மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கத்தையும் இந்த வலைப்பதிவில் இன்னும் எழுதவில்லை என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். போஸ்ட் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் இறந்த பிறகு, இந்த இரண்டு வருடத்தில் நாற்பத்தாறு ஊர் எழுதியாயிற்று. பக்கத்தில் இருக்கிற திருச்சி மட்டும் விட்டுப்போனதற்கு உண்மைக் காரணம் வேறு. என் ஒரே மகள் ஷீலா அங்கே உறையூரில் இருக்கிறாள்.

மனைவியை அடக்கம் செய்த மூன்றாம் நாள் ஷீலா என்னிடம், "அவரும் சிங்கப்பூர்ல இருக்காரு. நானும் தனியாத்தானேப்பா இருக்கேன். எங்கூட வந்துடுங்க" என்றாள். நான் பிடி கொடுக்காமல் ராமேஸ்வரம் பஸ் ஏறிவிட்டேன். முப்பதாம் நாள் பூசைக்குக்கூட ஊரில் இல்லை. ஏன் வரவில்லை என்று அவள் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு, ஒரு பழைய வாக்கைப் பதிலாக அனுப்பினேன். பைபிளில் இல்லாதது, ஆனால் ஆதி கிறிஸ்தவர்களில் சிலர் இயேசு சொன்னதாகக் கைமாற்றி வந்தது. மொத்தமே இரண்டு மூன்று சொல்தான். கடந்து போகிறவர்களாக இருக்கச் சொல்கிறது, அவ்வளவே. படித்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் போன் செய்வாள், சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், வைத்துவிடுவாள்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். மாட்டுத்தாவணியில் மதியம் 1.15க்குப் பஸ், டிக்கெட் 145 ரூபாய். திருச்சியில் வெளியூர் பஸ்கள் இப்போது பஞ்சப்பூர் புதிய பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிடுகின்றன. என்னைப் போலப் பழைய நினைப்பில் ஜங்ஷன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். கண்டக்டர் வந்து எழுப்பி, "ஐயா, இதுக்கு மேல வண்டி போகாது, இறங்குங்க" என்றார். மணி 3.50. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம், சத்திரம் பஸ் ஸ்டாண்ட். பக்கத்திலேயே லாட்ஜ், நாள் வாடகை 900. அறையில் இரண்டு கட்டில் இருந்தன. ஒருவருக்கு என்று கேட்டாலும் இரண்டு கட்டில் அறையைத்தான் தருகிறார்கள். இன்னொன்றில் பையை வைத்தேன்.

ஐந்தரை மணிக்கு மலைக்கோட்டை ஏறினேன். நானூறுக்குக் கொஞ்சம் மேல் படிகள். மூட்டுவலிக்காரர்கள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், கையில் தண்ணீர் அவசியம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளுகிறது. புதுமணத் தம்பதி ஒன்று போட்டோ எடுத்துத் தரச் சொன்னது, ஏழெட்டு எடுத்துக் கொடுத்தேன். உங்களையும் எடுக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டபோது வேண்டாம் என்றுவிட்டேன். எடுத்து யாருக்கு அனுப்புவது?

வடக்கே காவிரி, அதற்கு அப்பால் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்க்கிறார்கள். நான் மேற்கே உறையூரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருடம் ஷீலா இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தபோது, மொட்டை மாடியிலிருந்து மலைக்கோட்டை தெரிகிறது என்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். படத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். அந்தத் தொட்டியைத் தேடினேன். நாலைந்து தெரிந்தன. மூன்று கிலோமீட்டர்தான் இருக்கும், ஆட்டோவில் பத்து நிமிடம். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் ஸ்ரீரங்கம் பார்த்துவிட்டு மதியம் பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

ஞாயிறு காலை 8.40க்குச் சத்திரத்திலிருந்து டவுன் பஸ், காவிரிப் பாலம் தாண்டி இருபது நிமிடத்தில் ஸ்ரீரங்கம். (சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகவில்லை, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன்.) கோபுர வாசல்களைத் தாண்டித் தாண்டிப் போனால், ஊர் எங்கே முடிகிறது, கோயில் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. பூக்கடை, பாத்திரக்கடை, குடியிருப்பு எல்லாம் மதிலுக்குள்ளேதான். கடைசியில் ஒரு வாசலில், இந்துக்களுக்கு மட்டும் என்று போர்டு. யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் நான் அங்கேயே தூணோரம் உட்கார்ந்துவிட்டேன்.

துறையூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வந்த பதினொரு பேர் எனக்குப் பக்கத்தில் பைகளை இறக்கினார்கள். பைகளோடு யார் வெளியே இருப்பது என்று பேச்சு. கால் வீங்கிய ஓர் அம்மாவை இருக்கச் சொன்னார்கள். அவருக்கு மனதே இல்லை. என்னைப் பார்த்தார்.

"நீங்க உள்ள போகலீங்களா?"

"இல்லைங்க. நான் கிறிஸ்டியன்."

"அப்ப நல்லதாப் போச்சு. இதைக் கொஞ்சம் பாத்துக்குங்க, அரை மணியில வந்துடுவோம்."

ஒன்பது பைகள், ஒரு தூக்குவாளி. மணி 10.20. அரை மணி ஒரு மணியாயிற்று, ஒன்று மூன்றாயிற்று. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நடுவில் கொஞ்ச நேரம் தரிசனத்தையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கானால் எரிச்சல். எழுந்து போய் ஒரு காபி குடிக்க முடியவில்லை. இரண்டு வருடத்தில் என்னை ஓர் இடத்தில் உட்காரவைத்தது முன்பின் தெரியாதவர்களின் பைகள்தான் என்று நினைத்தபோது, எரிச்சல் போய் அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அந்தக் கூட்டத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள்?

அவர்கள் வந்தபோது மணி 1.50. நான் மனதுக்குள் திட்டிய வார்த்தைகள் எதுவும் வெளியே கேட்கவில்லை, நல்லவேளை. வெளி மண்டபத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள், புளிசாதம். எனக்கும் ஒரு தட்டு வந்தது.

"தனியாவா வந்தீங்க? பிள்ளைங்க இல்லீங்களா?" என்றார் அந்த அம்மா.

"பொண்ணு இருக்கா. உறையூர்ல."

"பக்கத்துலதானே. அவங்க வரலீங்களா?"

"நான் வந்தது அவளுக்குத் தெரியாதுங்க."

அந்த அம்மா இன்னொரு கரண்டி சாதம் வைத்தார். புறப்படும்போது எல்லோரையும் விரல்விட்டு எண்ணினார். எண்ணிவிட்டு, "என்ன பன்னெண்டு வருது?" என்று திரும்ப ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அய்யாவயும் சேத்து எண்ணிப்புட்டேன்."

வேன் சமயபுரம் போய்விட்டது. அவர்களும் கடந்து போகிறவர்கள்தான். ஒரு நாளில் மூன்று கோயில், எங்கேயும் தங்கல் கிடையாது. ஆனால் ஒருவரையும் விடாமல் எண்ணிக்கொண்டு போகிறார்கள். அந்தப் பழைய வாக்கைக் கேட்டவர்களும் அப்படித்தானே இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. கூடவே நடந்து, ஒரே பாத்திரத்தில் சாப்பிட்ட கூட்டம் அது. வீட்டையும் பேரையும் விட்டுவிட்டுப் போகச் சொன்னதை, ஆட்களை விட்டுவிட்டுப் போகச் சொன்னதாக நான் எடுத்துக்கொண்டேன். வேதம் படித்தவர்கள் என் விளக்கத்தை ஒப்புக்கொள்ளாமல் போகலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இன்னொருவரை நெருங்கி, அவரையும் ஒரு நாள் இழக்கப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்து மகளுக்கு அனுப்பினேன்.

உறையூருக்கு ஆட்டோ 200 கேட்டார்கள், ஒருவர் 180க்கு வந்தார். "டோர் நம்பர் சொல்லுங்க சார்" என்றார் டிரைவர். முப்பத்தைந்து வருடம் ஊரார் முகவரியைப் பிரித்துப் போட்டவனுக்கு மகள் வீட்டு நம்பர் தெரியவில்லை. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். மூன்றாவது தண்ணீர்த் தொட்டியில் வீடு கிடைத்தது. மாடிப் போர்ஷன், பூட்டியிருந்தது. கீழ்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, யார் என்று கேட்டார். அப்பா என்றேன்.

"அவங்கப்பா வெளியூர்ல இருக்காருன்னு சொல்லுவாங்க. எந்த ஊருன்னு கேட்டா, தெரியலைம்பாங்க" என்றார். குத்திக்காட்டவில்லை, தெரிந்ததைச் சொன்னார். மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு ஷீலா காய்கறிப் பையோடு வந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. சாவியைத் தேடிக்கொண்டே, "எத்தன மணிக்குப்பா பஸ்?" என்றாள். கோபத்தில் கேட்கவில்லை. சமைக்க நேரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நான் எழுந்து காய்கறிப் பையை வாங்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்குக் கடைசியாக: ஸ்ரீரங்கத்துக்கு ஞாயிறு வேண்டாம், வார நாளில் போங்கள். மலைக்கோட்டைக்கு மாலைதான் நல்லது. எல்லாப் பதிவிலும் முடிவில் திரும்பும் பஸ் நேரம் போடுவேன். இந்த முறை நான் விசாரிக்கவில்லை.