கிரவல் கும்பியில் கேட்ட மழைச் செய்தி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் கடைசியில் நடந்தது இது. நெடுங்கேணியிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊர். வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வந்து, பிறகு ஓட்டோவில் குலுங்கிப் போய் இறங்கியபோது என் இடுப்பு இரண்டாகியிருந்தது. என் வேலை அப்படி. யாராவது ஒரு திட்டம் போடுவார்கள். அதனால் பயன் உண்டா என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது நான். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, மறைப்பானேன்.

இந்தத் திட்டம் சின்னக் காணிகளில் பயிர் செய்யும் பெண்களுக்கானது. தினமும் காலையில் அவர்களுடைய போனுக்கு ஓர் அழைப்பு வரும். எடுத்தால், மழை வருமா, மருந்து அடிக்கலாமா, அறுவடை செய்யலாமா என்று ஒரு குரல் சொல்லும். யார் எவ்வளவு நேரம் கேட்டார்கள் என்ற பதிவு என் கையில் இருந்தது. அந்த ஊரில் பதினான்கு பெண்கள். அதில் பதின்மூன்று பேரின் அழைப்பு சில விநாடிகளிலேயே அறுந்திருந்தது. ஒரேயொரு நம்பர் மட்டும் ஒருநாள் தவறாமல் முழுதாகக் கேட்டிருந்தது.

முன்பள்ளியில் குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்துதான் கூட்டம் நடத்தினோம். "செய்தியைக் கேட்கிறீர்களா?" என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். எல்லோரும் "ஓம் மிஸ், கேக்கிறனாங்கள்" என்றார்கள். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. எங்களைத் திருப்திப்படுத்தப் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். பட்டியலை எடுத்து நீட்டி, "இஞ்ச பாருங்கோ, பொய் சொல்லாதேங்கோ. ஒராளைத் தவிர ஒருத்தரும் கேக்கேல்ல எண்டு இதில கிடக்கு" என்று மூஞ்சையில் அடித்தமாதிரிச் சொன்னேன்.

ஒரு பெண் சிரிப்பை அடக்கமாட்டாமல் சொன்னாள்: "எங்கட வீடுகளில கவரேஜ் இல்லை மிஸ். எடுத்தா கிர்ரெண்டு அறுந்துபோம். அங்கால றோட்டுக்குக் கொட்டிக் குவிச்ச கிரவல் கும்பியில ஏறினாத்தான் வடிவாக் கேக்கும். யானை திரியிற பக்கம். எல்லாரும் போகேலாதெல்லோ. எங்கட ரேடியோ போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொல்லுவா."

'ரேடியோ' என்பது அவர்களில் ஒருத்திக்கு வைத்த பட்டப்பெயர். அந்த ஒரேயொரு நம்பர் அவளுடையதுதான். முப்பது வயதிருக்கும். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள், அரை ஏக்கர் காணி. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அப்போதுதான் ரேடியோவே சைக்கிளில் மூச்சிரைக்க வந்து இறங்கினாள். என்னைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இண்டைக்குப் பின்னேரமே பெரிய மழையாம். ரெண்டு நாளைக்கு விடாதாம். உழுந்து நிக்கிற காணியளை இப்பவே பிடுங்கோணும்."

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். வானம் கழுவித் துடைத்த கோப்பைபோல் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள், எழுந்துவிட்டார்கள். "உங்கட கேள்வியளை வயலுக்க வந்து கேளுங்கோ மிஸ்" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

முற்றி நின்ற உழுந்து மழையில் ஊறினால், காய்க்குள்ளேயே முளைத்துவிடும். ஒரு போகமே போச்சு. பிடுங்கிக் குவித்துத் தார்ப்பாய்ப் படங்கால் மூடிவிட்டால் தப்பும். இன்னும் பிடுங்காமல் நின்றது நான்கு காணிகள். அதில் ஒன்று ரேடியோவுடையது. பதினான்கு பேரும் சேர்ந்து பிடுங்கினாலும் பின்னேரத்துக்குள் நான்கையும் முடிக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது.

முதலில் பிள்ளைப்பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்தியின் காணியில் இறங்கினார்கள். அது முடிய இன்னொன்று. ரேடியோவின் காணி கடைசி என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. யானைக்காட்டுக்குப் போய்ச் செய்தி கொண்டுவந்தவள் இவள், இவளைக் கடைசியில் தள்ளுகிறார்களே, இதென்ன நியாயம்? வரம்பில் நின்று, "முதல்ல இவவின்ரயைப் பிடுங்குங்கோவன்! இவ சொல்லாட்டி உங்களுக்கு மழையெண்டு தெரியுமே?" என்று சத்தம்போட்டேன்.

குனிந்திருந்த ரேடியோ நிமிர்ந்தாள். கண்ணில் கோபம். "மிஸ், குறை நினையாதேங்கோ. நீங்கள் இதில கதைக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு வரம்பில் நிற்க வெட்கமாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். பேனை பிடித்த கை. அரைமணி நேரத்தில் உள்ளங்கை எரியத் தொடங்கியது. அவர்கள் ஐந்து செடி பிடுங்கும் நேரத்தில் நான் ஒன்று. "மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தது நல்லதாப்போச்சு, உழுந்துக்குச் சுகமா இருக்கு" என்று பகிடிவேறு.

மூன்று காணிகளை முடித்துப் படங்கு போட்டபோது கிழக்கே கறுத்துவிட்டது. எல்லோரும் ரேடியோவின் காணிக்கு ஓடினோம். ஓட்டம் என்றால் ஓட்டம். பிடுங்கினோம், எறிந்தோம், குவித்தோம். பாதிகூட ஆகவில்லை. மழை கொட்டத் தொடங்கியது. குவித்ததை மட்டும் மூடினார்கள். மிச்சம் எங்கள் கண்முன்னாலேயே நனைந்தது.

அவள் அழுதாள். வாய்விட்டே அழுதாள். மற்றப் பெண்களும் அவளைச் சுற்றி நின்று அழுதார்கள். ஒருத்தி அவளுடைய தலையைத் தன் சேலைத் தலைப்பால் மூடினாள். தலைக்குமேல் கொட்டும் மழையில் அந்தத் தலைப்பால் என்ன பிரயோசனம்? ஆனாலும் மூடிக்கொண்டே நின்றாள்.

பிறகு அவளுடைய குசினிக்குள் ஒதுங்கித் தேத்தண்ணி குடித்தபோது, கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏன் தங்கச்சி, முதல்ல உங்கடயைப் பிடுங்கச் சொல்லியிருக்கலாமே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "செய்தி கேக்கிறவவின்ர காணி கடைசி, அக்கா. அது நாங்கள் எங்களுக்குள்ள வைச்ச கட்டு. கும்பியில நான் என்ன கேட்டனான் எண்டு ஆருக்குத் தெரியும்? நான் மழையெண்டு சொல்லி, சனத்தை என்ர காணியில இறக்கி, மழையும் பெய்யாட்டி? என்ர வேலையை முடிக்கத்தான் சொன்னனான் எண்டெல்லோ நினைப்பினம். பிறகு உண்மையா மழை வரேக்க நான் சொன்னா ஆர் நம்புவினம்?"

காலையில் ஒருவரும் வானத்தைப் பார்க்காமல் எழுந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. எத்தனை கூட்டங்களில், எத்தனை அறிக்கைகளில் 'நம்பகத்தன்மை' என்று எழுதியிருப்பேன்! அதை எப்படி உண்டாக்குவது என்று அந்தப் பதினான்கு பெண்களும் தாங்களே கண்டுபிடித்து, அதற்கான விலையையும் தாங்களே கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நனைந்த பையிலிருந்து அவளுக்குரிய படிவத்தை எடுத்தேன். 'செய்தியால் உங்கள் இழப்புக் குறைந்ததா?' என்பது அதில் ஒரு கேள்வி. அதை அவளிடம் கேட்க எனக்கு நாக்கூசியது. நானே "இல்லை" என்று எழுதப் போனேன். அவள் எட்டிப் பார்த்து என் கையைப் பிடித்தாள். "என்னக்கா எழுதிறியள்? ஓம் எண்டு போடுங்கோ. மூண்டு காணி தப்பினதெல்லோ!"

மறுநாள் விடியற்காலை, விடாத மழையில், தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு அவள் கிரவல் கும்பிக்குச் சைக்கிள் மிதித்துப் போவதை நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். கும்பிட வேண்டும்போல் இருந்தது.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய வருடம், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், எங்கள் பக்கத்துப் பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் பவுசர் வரப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியவந்தது. நான் சத்தமில்லாமல் போய், என் ஸ்கூட்டிக்கு நிரப்பிக்கொண்டு வந்த பிறகுதான் அயலட்டைக்குச் சொன்னேன். அவர்கள் போனபோது பெற்றோல் முடிந்துவிட்டது. "சொன்னதே பெரிய உபகாரம்" என்று அவர்கள் எனக்கு நன்றியும் சொன்னார்கள், நானும் அதை வாங்கிக்கொண்டேன். இன்று எந்தச் செய்தி எனக்கு முதலில் தெரியவந்தாலும், அந்த நன்றியை நினைத்து எனக்கு முகம் சுடுகிறது.