பீலிக்குப் போகும் தகர வழி

ஒரு மனிதனுக்கு இரண்டு வீடு இருந்தால் ஊர் அவனைப் பணக்காரன் என்று நினைத்துவிடும். என்னை யாராவது அப்படி நினைத்தால் எனக்குப் பயம். கண்டி நகரத்தில் தொப்பியும் சாரமும் விற்கிற சின்னக் கடை ஒன்று எங்களுக்கு இருந்தது. கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் உம்மாவும் தங்கச்சியும் நானும் இருந்தோம். இது போக, வாப்பா மவுத்தாகுமுன் வாங்கிப் போட்ட வீடு ஒன்று அம்பிட்டியவுக்கு ஏறுகிற பாதையில் நின்றது. முனிசிபல் எல்லைக் கல் அந்த வீட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே இருந்தது. அதைக் கொஞ்சம் கீழே நட்டிருந்தார்களானால் வீட்டுக்கு முனிசிபல் வரி வந்திராது, எனக்கு எழுத இந்தக் கதையே இருந்திராது.

அந்த வீடு தங்கச்சிக்குச் சீதனம் என்று வாப்பா சொல்லிவிட்டுப் போனார். அவளுக்கு ஒரு இடம் அமையும்வரை வாடகைக்கு விட்டு, வரி கட்டி, ஓடு மாற்றிக் காப்பாற்றுவது என் பொறுப்பு. வாப்பா போன வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுக் கடையில் உட்கார்ந்தவன் நான். கணக்குப் போடுவேன், தமிழ் வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் மட்டும் புல்லுக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருக்கும். முனிசிபல் கந்தோரிலிருந்து வருகிற கடிதமெல்லாம் இங்கிலீஷில்தான் வரும்.

மழை பெய்தால் அந்த வீட்டு ஓடு ஒழுகுமோ என்று பயம். வெயில் அடித்தால் நிலைமரம் வெடிக்குமோ என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே வரிப் பயம். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வரி பாக்கி என்று வாரண்டுக்காரர்கள் புகுந்ததை நான் நேரில் பார்த்தேன். பறையடித்து ஊரைக் கூட்டிவிட்டு, கட்டிலையும் கதிரைகளையும் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அந்தச் சாமான்கள் வீட்டுக்காரனுடையவை அல்ல. குடியிருந்தவனுடையவை. வீட்டுக்காரன் கொழும்பில் எங்கேயோ இருந்தான். குடியிருந்தவனின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று, தன் உடுப்புப் பெட்டியை யாரோ திறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து நான் வரியை, கேட்கிற நாளுக்கு முன்னாலேயே கொண்டுபோய்க் கட்டிவிடுவேன்.

என் வீட்டில் குடியிருந்தவர் கலகெதரப் பக்கத்திலிருந்து மிளகும் பாக்கும் வாங்கி வந்து கண்டியில் விற்கிறவர். நல்ல மனிதர். வாடகையைக் கையில் தரும்போது ஒரு பொட்டலம் மிளகும் சேர்த்துத் தருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் மலேரியாக் காய்ச்சல் அடித்தபோது அவர் ஒரு பயணத்திலிருந்து நடுங்கிக்கொண்டு வந்து படுத்தார். எழும்பவில்லை. ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த அன்றே, இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு அவர் மனைவி இத்தா இருக்கத் தொடங்கினார். நாலு மாதமும் பத்து நாளும். அதுவரைக்கும் கணவன் இருந்த வீட்டை விட்டு அவர் போகக் கூடாது. அந்நிய ஆண்கள் யாரும் அவரைப் பார்க்கவும் கூடாது. இது எங்கள் மார்க்கம்.

“இத்தா முடியிற வரைக்கும் வாடகை எண்டு வாயத் திறக்கப்படாது மகன்,” என்றார் உம்மா. நான் திறக்கவில்லை. ஆனால் வேறு ஒன்று என்னைத் தின்றது. அந்த வீட்டில் கிணறு இல்லை. பின்பக்கச் சரிவில் மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் விழுகிற பீலிதான். கக்கூசும் அதன் பக்கத்தில்தான். பின்கதவிலிருந்து அங்கே போகிற நடையை மேல் பாதையில் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். அவர் எப்படிப் போவார், எப்படி வருவார்?

மற்றவனாக இருந்தால் நாலு கம்பு நட்டு இரண்டு பக்கமும் தென்னங்கிடுகு கட்டியிருப்பான். கிடுகு காற்றுக்குக் கிழிந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தோன்றியது. ஆகவே தகரம் வாங்கினேன். மேல் பாதையிலிருந்து குனிந்து பார்த்தால்? மேலேயும் தகரம் போட்டேன். மழைக்கு மண் இளகிக் கம்பு சாய்ந்து பிள்ளைகள் மேல் விழுந்தால்? மேசனைக் கூப்பிட்டு, கம்புகளின் அடியில் சீமெந்து போடச் சொன்னேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

“தொரை, இது மறைப்பா, பங்களாவா?” என்றான். அவன் தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவன். வாய் கொஞ்சம் நீளம்.

“போடு. விழாம ஈந்தாச் சரி.”

“இது விழாதுங்க. நீங்களும் நானும் போய்ச் சேர்ந்த பொறகும் இது நிக்கும்.”

அதைக் கேட்டுத்தான் நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கடிதம் வந்தால் எனக்கு வாசித்துச் சொல்வது பக்கத்துக் கடைத் தையற்காரன். சொந்தத்தில் மச்சான் முறை. அவன் மெஷினை நிறுத்தாமல் ஒரு கண்ணால் வாசித்தான். பிறகு மெஷினை நிறுத்தினான்.

“மச்சான், முபாரக்! உனக்குப் புதுசா ஒரு அறை பொறந்தீக்கி.”

“என்ன அறை?”

“அம்பிட்டிய ஊட்டுல பின்பக்கம் தகரக் கூரை போட்ட புதுக் கட்டிடமாம். அதனால வாடகை மதிப்பு கூடிப் பெய்த்தாம். வரியும் கூட. ஆட்சேபணை ஈந்தா கந்தோர்ல செல்லட்டாம், ஆள் வந்து உள்ளுக்குப் பாக்குமாம்.”

வரி மதிப்பவர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். என் கணக்கு வேறு. வாடகை ஒரு சதம் வரவில்லை, வரப்போவதுமில்லை. கூடின வரியை என்னால் கட்ட முடியாது. கட்டாவிட்டால் வாரண்டு. இத்தா இருக்கிற வீட்டுக்குள் வாரண்டுக்காரர்கள் புகுந்து அந்த மனிசியின் கட்டிலைத் தூக்குவார்கள். ஆட்சேபணை சொன்னால் முனிசிபல் ஆள் உள்ளே வந்து பார்ப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வாசலுக்குள் ஒரு அந்நிய ஆண் நுழைகிறான். அவரை மறைக்க என்று நான் கட்டியதுதான் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

“வருமான வரியும் புதுசா வந்தீக்கிதானே மச்சான், அதையும் உன்ட தலையில போடப் போறாங்க,” என்றான் தையற்காரன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அதுக்கு வருமானம் எண்டு ஒண்டு ஈக்க வேணும், பயப்படாத,” என்றும் சேர்த்துக்கொண்டான்.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன். “மனிசி அறைக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு ஈக்கட்டும். வாரவர் வந்த வேலையப் பாத்துட்டுப் போகட்டும். தேவைக்கு வாறதுதானே,” என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. அவர் சொல்லிவிட்டார், ஆனால் வாசலில் நிற்கப் போகிறவன் நான்.

கந்தோரில் வரி மதிப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டு, தடித்த மூக்குக் கண்ணாடி. மேசைக்கு முன்னால் நின்று நான் சொன்னதில் பாதி எனக்கே விளங்கவில்லை. அவர் பேனையை வைத்தார்.

“அறை இல்லை, மறைப்பு எண்டுறியள். நான் பாத்தது கூரை. கூரைக்குக் கீழ என்ன கிடக்கு எண்டு பாக்காமல் நான் என்னண்டு வரியை வெட்டுறது?”

“ஐயா, உள்ளுக்கு ஒரு பொம்புள ஈக்கிறா.”

“எல்லா வீட்டிலயும்தான் இருக்கினம்.”

நான் இத்தாவை விளக்கினேன். அவர் காது கொடுத்துக் கேட்டார். “எங்கட ஆக்களுக்கு முப்பத்தொராம் நாளோட செத்த வீட்டுக் கிருத்தியம் முடியும்,” என்றார். பிறகு, “சரி, நாளைக்கு வாறன். ஒரு ஆளோட மட்டும். சத்தம் போடமாட்டம்,” என்றார்.

மறுநாள் விடிந்ததுமே உம்மாவை அந்த வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அந்த மனிசியும் பிள்ளைகளும் உம்மாவும் நடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். காற்றில் கதவு திறந்துவிடுமோ என்று கொண்டியை நாலைந்து தரம் தொட்டுப் பார்த்தேன். உள்ளே சின்னவள் எதற்கோ சிரித்தாள். உம்மா அவள் வாயைப் பொத்துவது கேட்டது.

அவர் சொன்னபடி சத்தமில்லாமல் வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவராகவே கழற்றினார். சாத்திய கதவைப் பார்க்காமல் அதைக் கடந்து பின்கதவால் தகர வழிக்குள் இறங்கினார். நான் பின்னால் போனேன். உள்ளே அரையிருட்டு. அந்தக் கோடியில் பீலித் தண்ணீர் விழுகிற சத்தம். அவர் கைத்தடியால் தகரத்தைத் தட்டினார். கம்பைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. குனிந்து அடியைப் பார்த்தார்.

“இஞ்ச சீமெந்து போட்டிருக்கிறியள்.”

“ஓம் ஐயா.”

“மறைப்புக்கு ஏன் சீமெந்து?”

“காத்துக்கு விழுந்திடும் எண்டு பயம்.”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “தம்பி, பயத்துக்கு வரி இல்லை. சீமெந்துக்கு வரி இருக்கு.”

கூட வந்த ஆள் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அவர் பீலி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“அந்த மனிசிக்கு எப்ப முடியுது?”

சொன்னேன்.

“அதுக்குப் பிறகு கழட்டுவியளோ?”

“அடுத்த நாளே கழட்டுவேன் ஐயா. அல்லாஹ் மேல ஆணையா.”

“எண்டால் கழட்டிப் போட்டு வந்து சொல்லுங்கோ, வெட்டிவிடுறன். அதுவரைக்கும் நான் கண்ணால பாத்ததை இல்லை எண்டு எழுதேலாது. இந்தக் காலாண்டுக்குக் கூடின வரிதான்.”

அவர் போனதும் உம்மா கதவைத் திறந்தார். “என்ன செல்லிட்டுப் போறாரு?” என்று கேட்டார். “ஒண்டுமில்ல, நல்ல மனிசன்,” என்றேன். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் வரியைக் கட்டுவது யார்? கடையில் தொப்பிகளை அடுக்குகிற கண்ணாடி அலுமாரியை விற்றேன். தொப்பிகள் பிறகு சாக்கில் கிடந்தன. தூசு படிந்ததை யாரும் வாங்கவில்லை. வரியைக் கட்டிவிட்டு ரசீதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஆனாலும் அம்பிட்டியப் பாதையில் பறைச் சத்தம் கேட்கிறதா என்று பகலெல்லாம் காது அங்கேயே இருந்தது. ஒரு நாள் உண்மையிலேயே கேட்டது. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். சிங்களவர் வீட்டுக் கல்யாணம்.

இத்தா முடிந்தது. மேசன் கிடைத்தது மூன்றாம் நாள்தான்; அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, “அன்னைக்கே சொன்னேன்ல, இது விழாதுன்னு,” என்று முணுமுணுத்தபடி வந்தான். பின்பக்கம் போனால் தகர வழிக்குள் புகை. இரண்டு அடுப்பு மூட்டியிருந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த மனிசி இடியப்ப உரலோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கம்புக்குப் பின்னால் நின்றார்.

“நாநா, இதக் கழட்ட வாணாம்.”

“ஏன்?”

“மேல் பாதையால வேலைக்குப் போற ஆக்கள் நெறைய. ரெண்டு நாளா நான் இடியப்பம் அவிச்சுக் குடுத்துப் பாத்த. எல்லாம் முடிஞ்சு பெய்த்து. ஊட்டுக் குசினில இவ்வளவு அவிக்க ஏலா. இங்க காத்தும் ஈக்கி, தண்ணியும் ஈக்கி. வாடகையத் தாரன். கூடின வரியையும் நானே தாரன்.”

“நான் கழட்டுறதாச் சத்தியம் பண்ணினது…”

“அவர்ட்டப் போய்ச் செல்லுங்க. அன்டக்கிச் செருப்பக் கழட்டிட்டு வந்த மனிசன்தானே. நான் உள்ளுக்கு ஈந்து கேட்டுக்கிட்டுத்தான் ஈந்த.”

மேசன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு அஞ்சாறு இடியப்பம் குடுங்கம்மா, சம்பலோட,” என்றான்.

செய்த சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரமாக மூன்று நோன்பு பிடித்தேன். பிறகு கந்தோருக்குப் போனேன். வரி கட்டவும் அல்லாமல், யாரும் கூப்பிடாமல் நானாக அந்தப் படியேறிய முதல் நாள் அதுதான். படியில் இரண்டு தரம் திரும்பி இறங்கினேன். பொய் சொன்னவன் என்று வழக்குப் போடுவாரோ, வீட்டையே எழுதி எடுத்துக்கொள்வாரோ, தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, அந்தத் தகரம் கழட்டல்ல.”

“அப்ப?”

“அது இப்ப அறைதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப நான் முதல் எழுதினது சரிதானே?”

“சரிதான் ஐயா.”

“வாடகை வருதோ?”

“வருது. வரியும் அந்த மனிசியே தாறா.”

“எண்டால் என்னத்துக்கு நிக்கிறியள்? போங்கோ.”

போயிருக்கலாம். நாலைந்து நாளாக மனதைக் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். “ஐயா, அந்த மனிசி அதுக்குள்ள இடியப்பம் அவிச்சு விக்கிறா. அப்ப அது ஊடா, கடையா? அதுக்கும் தனியா வரி ஈக்கா?”

அவர் மேசைக்கு மேலால் சாய்ந்து, கூட இருந்தவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: “நீங்கள் வந்து கேக்காட்டி இல்லை.”